பிஎஸ்சி படிக்கும்போதே ஆய்வில் சேர வழி உண்டா? (இயற்பியல், இரண்டாம் ஆண்டு, திருநெல்வேலி)

பாளை_மாணவி
அக்டோபர் 9, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு அரசு உதவி பெறும் கல்லூரியில் பிஎஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இதுவரை 81 சதவீதம், அரியர் கிடையாது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

வரும் மே, ஜூனில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் இருந்து ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அதில் ஒரு சின்ன வேலையாவது என் கையால் செய்ய வேண்டும். எங்கள் லேபில் வெர்னியர், ஸ்பெக்ட்ரோமீட்டர், சோனோமீட்டர் எல்லாம் இருக்கின்றன. ஆனால் ரெக்கார்டில் என்ன விடை வர வேண்டும் என்பது செய்வதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். விடை தெரியாத ஒன்றை அளந்து பார்க்க ஆசை.

பெரிய நிறுவனங்களின் இணையதளங்களில் கிடைத்த பேராசிரியர் முகவரிகளுக்கு மெயில் அனுப்பினேன். யாரும் பதில் போடவில்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ இரண்டு மாதம் தனியாக அனுப்ப அம்மா யோசிக்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தரமணி_அக்கா
அக்டோபர் 9, இரவு 10.25

நல்ல மாதத்தில் கேட்டிருக்கிறாய் தங்கச்சி. முக்கால்வாசிப் பேர் ஏப்ரலில் கேட்பார்கள், அதற்குள் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். கோடை ஆய்வுக்கு மழைக்காலத்திலேயே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும்.

நீ முதலில் பார்க்க வேண்டியது மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு நல்கை. பெங்களூரில் இருக்கும் இந்திய அறிவியல் கழகம், டெல்லியின் தேசிய அறிவியல் கழகம், பிரயாக்ராஜில் உள்ள கழகம் ஆகிய மூன்றும்தான். இரண்டு மாதம், உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் தருவார்கள். அறிவிப்பு வழக்கமாக ஆண்டுக் கடைசியை ஒட்டி வரும், அதனால் இப்போதிருந்தே அந்தத் தளத்தை வாரம் ஒருமுறை பார். நாடு முழுவதும் உள்ள விஞ்ஞானிகளின் பட்டியல் கொடுத்து யாரிடம் வேலை செய்ய விருப்பம் என்று கேட்பார்கள். என்ன செய்ய ஆசை, ஏன் என்று ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும், ஓர் ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். அந்தக் குறிப்பை வைத்துத்தான் உன்னைத் தெரிந்துகொள்வார்கள். மாவட்டக் கல்லூரிகளிலிருந்து இதில் போனவர்களை எனக்கு நேரில் தெரியும். ஐஐடி பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்து ஒதுங்காதே.

தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1962இல் அல்லாடி ராமகிருஷ்ணன் தொடங்கியது. கோடையில் மாணவர்களை எடுப்பார்கள். ஆனால் அங்கே எல்லாம் கோட்பாடுதான், கருவி, அளவீடு எதுவும் இருக்காது. நீ அளந்து பார்க்க வேண்டும் என்கிறாய், அதை மனதில் வைத்துத் தேர்ந்தெடு.

ஐஐடி மெட்ராஸுக்குத் தனியாக ஒரு கோடைத் திட்டம் உண்டு. ஆனால் அது மூன்றாமாண்டு பொறியியல், முதலாண்டு எம்எஸ்சி போன்றவர்களை மனதில் வைத்தது. ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதிப் பத்தியை முதலில் படித்துவிடு, நேரம் மிச்சமாகும்.


கிண்டி_பொறியியல்
அக்டோபர் 9, இரவு 11.02

அக்கா சொன்னதோடு ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் உங்கள் மதிப்பெண் என்ன? போர்டில் முதல் 1 சதவீதத்துக்குள் வந்து, அடிப்படை அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதில் 60,000 கைக்கு வரும். மீதி 20,000 கோடை ஆய்வுக்காகவே ஒதுக்கியது. அது உங்களுக்கு இருந்தால், செலவைப் பற்றி வீட்டில் பேச ஒரு பிடி கிடைக்கும்.


பாளை_மாணவி
அக்டோபர் 10, காலை 6.15

அண்ணா, இன்ஸ்பயர் எனக்குக் கிடைத்திருக்கிறது! 60,000 வந்தது. அந்த 20,000 எதற்கு என்று கல்லூரியில் யாரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி.


மதுரை_பேராசிரியர்
அக்டோபர் 10, காலை 8.30

இயற்பியல் துறையில் 31 ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். பட்டியல்கள் கொடுக்க மற்றவர்கள் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

அம்மா, நீ பாளையங்கோட்டையில் இருக்கிறாய். உன் ஊரிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் கிருஷ்ணாபுரம் வரும். அங்கே உள்ள வேங்கடாசலபதி கோயில் சிற்பங்களைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அதே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் மண்டல ஆய்வகம் ஒன்று இருப்பது உள்ளூரில் எத்தனை பேருக்குத் தெரியும்? தலைமையகம் நவி மும்பையில். அவர்கள் ஏன் திருநெல்வேலிக்கு வந்து ஆய்வகம் கட்டினார்கள் என்று கேட்டுப் பார். பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி மேலும் கீழும் சாயாமல் கிடையாக நிற்கும் கோடு, தென்கோடித் தமிழகத்தை ஒட்டிப் போவதுதான் காரணம். அந்தக் கோட்டுக்கு மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் கிழக்கு நோக்கி ஒரு பலத்த மின்னோட்டம் ஓடுகிறது. அதன் விளைவைத் தரையிலிருக்கும் காந்தமானியிலேயே பார்க்கலாம். உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் அதைத் தலைக்கு நேர் மேலே வைத்து ஆராய முடியும். உன் ஊர் அதில் ஒன்று.

வெளியூர் வாய்ப்புக்கு விண்ணப்பம் போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் தேடல் உன் வீட்டிலிருந்து டவுன் பஸ் போகும் தூரத்துக்குள் நடக்கட்டும். நம் பிள்ளைகள் ஆராய்ச்சி என்றாலே ரயிலேற வேண்டும் என்று நினைக்கிறார்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம், திருச்சியில் வாழை ஆராய்ச்சி மையம், கோயம்புத்தூரில் 1912 முதல் நடக்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனம், பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல், கொடைக்கானலில் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம், ஏலகிரிக்கு அந்தப் பக்கம் காவலூரில் தொலைநோக்கிகள். இவை ஒவ்வொன்றின் அருகிலும் ஆயிரக்கணக்கான பட்டப்படிப்பு மாணவர்கள் இருக்கிறார்கள், வாசலைத் தாண்டித்தான் தினமும் போகிறார்கள்.


வேலூர்_வேலு
அக்டோபர் 10, மதியம் 1.10

தப்பாக எடுத்துக்கொள்ளாதே தங்கச்சி, மனதில் பட்டதைச் சொல்கிறேன். நானும் பிஎஸ்சி இயற்பியல்தான். முதல் பட்டதாரி என்கிறாய். குடும்பம் உன் வருமானத்தை எதிர்பார்க்கும். இரண்டு மாதம் ஆய்வகத்தில் உட்கார்ந்தால் வேலை கிடைக்குமா? அந்த இரண்டு மாதத்தில் எம்எஸ்சி சேர்வதற்கான ஐஐடி ஜாம் நுழைவுத் தேர்வுக்கு, இல்லையென்றால் வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தால் கையில் பலன் இருக்கும். ஆராய்ச்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரி.


தரமணி_அக்கா
அக்டோபர் 10, மாலை 6.45

வேலு அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. என் அப்பா லாரி ஓட்டுநர். இதே பேச்சு எங்கள் வீட்டிலும் நடந்தது.

ஆனால் இரண்டும் மோதுவதில்லை. ஜாம் பிப்ரவரியில் நடக்கும், கோடை ஆய்வு மே, ஜூனில். இவள் இப்போது இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு பிப்ரவரியில்தான் ஜாம் எழுதப் போகிறாள். நடுவில் ஒரு கோடை முழுதாகக் கிடக்கிறது. எம்எஸ்சி, ஒருங்கிணைந்த பிஎச்டி நேர்காணல்களில், "இதுவரை ஏதாவது செய்திருக்கிறாயா" என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே சொல்ல ஓர் உண்மையான வேலை இருந்தால் அதன் எடை தனி.

இன்னொன்று, ஆய்வு தனக்குப் பிடிக்காது என்று இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டால் அதுவும் லாபம்தான். எம்எஸ்சி முடித்து, பிஎச்டியில் மூன்று வருடம் போன பிறகு அது தெரியவந்து திண்டாடுகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். வசதியில்லாத வீட்டிலிருந்து வருகிறவளுக்குத்தான் இதைச் சீக்கிரம் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அதிகம்.


வேலூர்_வேலு
அக்டோபர் 10, இரவு 8.05

இரண்டாமாண்டுக் கோடை என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாமாண்டு முழுவதையும் இதில் விட்டுவிடாதே என்பதுதான் என் வேண்டுகோள்.


ஆய்வக_ஆசிரியர்
அக்டோபர் 10, இரவு 10.50

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கிறேன், சிறிய ஆய்வுக் குழு ஒன்றும் இருக்கிறது. கோடைக்கு முன் மாணவர்களிடமிருந்து வரும் மெயில்கள் ஏராளம். பதில் போடாதவர்களில் நானும் ஒருவன் என்பதால் அது ஏன் என்று சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

வரும் மெயில்களில் பெரும்பாலானவை ஒரே மெயில்தான். "மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர், தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக உள்ளேன், எனக்கு இயற்பியலில் மிகுந்த ஈடுபாடு உண்டு" என்று தொடங்கும். என் பெயர் இருக்காது. நான் என்ன செய்கிறேன் என்பது எழுதியவருக்குத் தெரிந்த அடையாளம் இருக்காது. ஒரே மெயிலை நாற்பது பேருக்குப் போட்டு, நாற்பது முகவரியும் மேலே தெரியும்படி வந்ததும் உண்டு. படிக்கிற எனக்கு, இந்த மாணவிக்கு என்ன வேண்டும் என்று புரிவதில்லை. அவர் கெட்டிக்காரரா இல்லையா என்பதைப் பற்றி நான் யோசிக்கும் கட்டத்துக்கே மெயில் வந்து சேர்வதில்லை.

ஒரு கோடை மாணவரை எடுப்பதென்றால் எனக்கு என்ன செலவு என்று எண்ணிப் பாருங்கள். முதல் மூன்று வாரம் என் பிஎச்டி மாணவர் ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக நான் எதிர்பார்ப்பது அறிவுக்கூர்மை இல்லை. ஒரு கட்டுரையை எடுத்து, பாதி புரியாவிட்டாலும் கடைசிவரை உட்கார்ந்து படித்து, எங்கே புரியவில்லை என்று திருத்தமாகக் கேட்கத் தெரிகிறதா? அது மெயிலிலேயே தெரிந்துவிடும்.

பாளை மாணவி, நீங்கள் அனுப்பிய மெயிலின் சாரத்தை இங்கே போட முடியுமா? சேர்ந்து பார்க்கலாம்.


பாளை_மாணவி
அக்டோபர் 11, மாலை 5.20

சார், ஆங்கிலத்தில் அனுப்பியது. தமிழில் சொன்னால் இப்படி:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் பிஎஸ்சி இயற்பியல் இரண்டாமாண்டு மாணவி. குவாண்டம் இயற்பியல், வானியற்பியல், நானோ தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஆர்வம் உண்டு. தங்களின் வழிகாட்டுதலில் கோடைப் பயிற்சி செய்ய வாய்ப்பளித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன். என் தன்விவரக் குறிப்பை இணைத்துள்ளேன்."


ஆய்வக_ஆசிரியர்
அக்டோபர் 11, இரவு 9.35

பணிவான கடிதம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மூன்று பெரிய துறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள், அவை மூன்றும் ஒரே ஆளிடம் இருக்காது. நீங்கள் இங்கே முதல் பதிவில் எழுதிய ஒரு வரி, "விடை தெரியாத ஒன்றை அளந்து பார்க்க ஆசை", அந்த மெயிலில் இல்லவே இல்லை. அது இருந்திருந்தால் நான் நின்று படித்திருப்பேன்.

மதுரைப் பேராசிரியர் சொன்ன கிருஷ்ணாபுரத்தையே எடுத்துக்கொள்வோம். எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். காந்தப் புலத்தின் கிடைக் கூறு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது காலையில் ஏறி, நண்பகலை ஒட்டி உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும். திருநெல்வேலி போன்ற நடுக்கோட்டு நிலையத்தில் இந்த ஏற்றம் மிக அதிகம். மும்பைக்கு அருகே அலிபாக்கில், நடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதால், குறைவு. இரண்டிலும் இரவு நேர அளவை அடிக்கோடாக வைத்துக் கழித்துவிட்டு, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய அந்த நடுக்கோட்டு மின்னோட்டத்தின் பங்கு. பல பத்தாண்டுகளாக இந்த முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும். இந்திய நிலையங்களின் மணிவாரி அளவுகள் ஜப்பானில் கியோட்டோ தரவு மையத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மாதத் தரவை இறக்கி வரைபடம் போடுங்கள். கம்ப்யூட்டர் இல்லையென்றால் கல்லூரி நூலகத்தில் ஒரு மணி நேரம் போதும்.

சில நாட்களில் மதியத்துக்கு மேல் அந்த வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். மின்னோட்டம் திசை மாறி மேற்கு நோக்கி ஓடுகிறது என்று அர்த்தம். அந்த நாட்களைக் குறித்துக்கொண்டு, பிறகு இப்படி எழுதுங்கள் (காந்தப் புயல் என்பது சூரியனால் பூமியின் காந்தப் புலம் கலங்குவது):

"ஐயா, உங்கள் குழு நடுக்கோட்டு மின்னோட்டத்தைப் பற்றி வெளியிட்ட இன்ன கட்டுரையைப் படித்தேன். திருநெல்வேலி, அலிபாக் தரவை வைத்து இன்ன மாதத்துக்கு நானே வரைந்து பார்த்தேன், படம் இணைத்திருக்கிறேன். இன்னின்ன தேதிகளில் மதியம் எதிர்த்திசை தெரிகிறது. காந்தப் புயல் இல்லாத நாளிலும் இது ஏன் வருகிறது என்று கட்டுரையின் இரண்டாம் பகுதியில் சொல்லியிருப்பது எனக்குப் புரியவில்லை. நான் பாளையங்கோட்டையில் பிஎஸ்சி இரண்டாமாண்டு படிக்கிறேன். மே, ஜூனில் ஆறு முதல் எட்டு வாரம் உங்கள் ஆய்வகத்தில் வேலை செய்ய முடியுமா? இன்ஸ்பயர் உதவித்தொகை இருப்பதால் ஊதியம் தேவையில்லை."

அவ்வளவுதான். பத்து வரிக்கு மேல் வேண்டாம். எழுதி இரண்டு வாரம் ஆகியும் பதில் இல்லையென்றால், பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். விஞ்ஞானிகள் பயணத்தில் இருப்பார்கள், மெயில் கீழே போய்விடும். நினைவூட்டியதற்காக யாரும் கோபப்பட மாட்டார்கள்.


பாளை_மாணவி
அக்டோபர் 11, இரவு 10.10

சார், இதைப் படிக்கும்போதே உடம்பெல்லாம் என்னவோ செய்கிறது. அந்த வழியாகத் தினமும் எத்தனை பஸ் போகிறது! தரவை இறக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன்.


மதுரை_பேராசிரியர்
அக்டோபர் 12, காலை 7.50

ஆய்வக ஆசிரியர் சொன்ன அலிபாக்குக்கு ஒரு கதை உண்டு, மாணவர்கள் தெரிந்துகொள்ளட்டும். பம்பாயில் கொலாபாவில்தான் முதலில் காந்தக் கண்காணிப்பு நிலையம் இருந்தது. நகரில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் கெடுத்துவிடும் என்று 1904இல் அலிபாக்குக்கு மாற்றினார்கள். நீ இறக்கப்போகும் எண்களுக்குப் பின்னால் இப்படி நூறாண்டுக் கவனம் இருக்கிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1928இல் ஜெர்மனியிலிருந்து இயற்பியலாளர் சொம்மர்ஃபெல்ட் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பேசினார். அப்போது அங்கே பிஏ ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர், அவர் தங்கியிருந்த இடத்துக்கே போய்ச் சந்தித்தார். சொம்மர்ஃபெல்டின் புத்தகத்தை ஏற்கெனவே ஊன்றிப் படித்திருந்தார். நீ படித்ததெல்லாம் பழசாகிவிட்டது, குவாண்டம் இயற்பியலே மாறிவிட்டது என்று சொல்லி, அச்சுக்குப் போகும் தன் கட்டுரையின் படிகளை அவர் கையில் கொடுத்தார் சொம்மர்ஃபெல்ட். அதைப் படித்து அந்த மாணவர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. அப்போதும் அவர் பட்டப்படிப்பு மாணவர்தான். அந்த மேதைமை எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் அவர் செய்த முதல் காரியத்தை, அதாவது ஒருவரைப் பார்க்கப் போகுமுன் அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் போவதை, எந்த மாணவரும் செய்யலாம்.


காரைக்குடி_வரலாறு
அக்டோபர் 12, மதியம் 12.30

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பிஏ வரலாறு படிக்கிறேன். இந்த மாதிரித் திட்டமெல்லாம் அறிவியல்காரர்களுக்கு மட்டும்தானா?


தரமணி_அக்கா
அக்டோபர் 12, மாலை 7.15

பணம் கொடுக்கும் திட்டங்கள் உங்கள் பக்கம் குறைவு, அது உண்மை. வருத்தமான விஷயம். ஆனால் உங்கள் ஆய்வுக்கூடம் ஆவணங்கள்தானே தம்பி. தரமணியில் எங்கள் பக்கத்திலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த புத்தகங்களிலிருந்து பிறந்தது அது. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், அடையாறில் வளர்ச்சி ஆய்வு நிறுவனம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனம் எல்லாம் இருக்கின்றன. முன்கூட்டி எழுதி, எந்தக் கேள்விக்காக எந்த ஆவணம் வேண்டும் என்று சொல்லிப் போனால் மாணவர் என்று ஒதுக்கமாட்டார்கள்.


குடந்தை_கல்வெட்டு
அக்டோபர் 12, இரவு 9.00

வரலாற்றுத் தம்பிக்கு: உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் பாடம் வெளியாகியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் சுவரில் இன்றைக்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது, எது வெள்ளையடிப்பில் மறைந்தது, எது திருப்பணியில் பெயர்க்கப்பட்டது என்று வரிவரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டர் வேலை. யாரும் செய்யாமல் கிடக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கல்வெட்டறிஞரிடம் போய் நின்று பாருங்கள், உட்காரவைத்துப் பேசுவார்.


கிண்டி_பொறியியல்
அக்டோபர் 13, காலை 9.20

ஓர் எச்சரிக்கை. இப்போது வாட்ஸாப்பில் போஸ்டர் சுற்றுகிறது: "ஆய்வுப் பயிற்சி, 15 நாள், ஆன்லைன், சான்றிதழ் உறுதி, கட்டணம் மட்டும் செலுத்தவும்." எங்கள் வகுப்பில் பலர் கட்டினார்கள். வீடியோ நான்கு, ஒரு சான்றிதழ். எந்த நேர்காணலிலும் அதை யாரும் மதிக்கவில்லை. அதேபோல, பணம் கட்டினால் மூன்று நாளில் உங்கள் பெயரில் கட்டுரை வெளியிடுகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கட்டுரை பின்னாளில் உங்கள் பெயரைத் தேடும்போது வந்து நிற்கும், அழிக்க முடியாது.


மதுரை_பேராசிரியர்
அக்டோபர் 13, காலை 11.05

முழுதாக ஆமோதிக்கிறேன். ஆனால் ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். சில அரசு ஆய்வகங்கள் மாணவர் திட்டப்பணிக்கு முறைப்படி ரசீது கொடுத்து ஒரு கட்டணம் வாங்குகின்றன. அது மோசடி இல்லை, கருவிகளுக்கும் வேதிப்பொருளுக்கும் ஆகும் செலவு. சேருமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டமுடியாத நிலை என்றால் கல்லூரி முதல்வர் கடிதத்தோடு குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.


வேதியியல்_முதலாண்டு
அக்டோபர் 13, மாலை 4.40

நான் முதலாண்டு பிஎஸ்சி வேதியியல். இரண்டாமாண்டு வரை காத்திருக்க வேண்டுமா?


தரமணி_அக்கா
அக்டோபர் 13, மாலை 8.10

காத்திருக்காதே! முதலாண்டுக்காரர்களுக்கென்றே இரண்டு நல்ல கதவு இருக்கிறது, தாமதித்தால் மூடிவிடும். மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் நியஸ் என்ற திட்டம் ஒன்று. விடுமுறையில் முகாம், பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு விஞ்ஞானியோடு நீண்டகாலத் திட்டப்பணி. இன்னொன்று பெங்களூர் ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு மையம் வேதியியலுக்கும் உயிரியலுக்கும் நடத்துவது. முதலாண்டில் எடுத்து, அடுத்தடுத்த மூன்று கோடைகளுக்கு வரச்சொல்வார்கள். எடுக்கும் எண்ணிக்கை சிறியது. இருந்தாலும் போடு.


ஒரு_அப்பா
அக்டோபர் 14, இரவு 8.45

என் மகள் தாவரவியல். அவளும் இதுபோல வெளியூர் கேட்கிறாள். பெற்றவர்களுக்கு இருக்கும் பயத்தை இங்கே யாரும் பேசவில்லை. தங்குமிடம், சாப்பாடு, ராத்திரி ஆய்வகத்திலிருந்து திரும்புவது இதெல்லாம் எப்படி?


தரமணி_அக்கா
அக்டோபர் 14, இரவு 9.50

நியாயமான கேள்வி ஐயா. மகளுக்கு இடம் கிடைத்த கடிதம் வந்ததும், நிறுவன விடுதி உண்டா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அறிவியல் கழகங்களின் திட்டத்தில்கூட சேரும் நிறுவனத்தைப் பொறுத்துத்தான். விடுதி வளாகத்துக்குள்ளேயே இருந்தால் பாதிக் கவலை தீரும். முதல் நாள் நீங்களே கூட வாருங்கள், வழிகாட்டியையும், அவள் யாரோடு வேலை செய்யப்போகிறாளோ அந்த ஆய்வு மாணவரையும் பார்த்துப் பேசுங்கள். என் அம்மா வந்தார். யாரும் தவறாக நினைக்கவில்லை. மகளிடம் ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: தகாத பேச்சோ நடத்தையோ எதிர்ப்பட்டால் பொறுத்துப்போக வேண்டாம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அதற்கென உள்ளகப் புகார்க் குழு சட்டப்படி இருக்க வேண்டும், கோடை மாணவியும் அதனிடம் போகலாம்.


பாளை_மாணவி
அக்டோபர் 19, இரவு 8.20

வணக்கம். கியோட்டோ தளத்திலிருந்து ஒரு மார்ச் மாதத் தரவை இறக்கிவிட்டேன். தொடக்கத்தில் எண்கள் ஒன்றுமே புரியவில்லை. அந்தக் கோப்பில் எல்லா நேரமும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறது, ஐந்தரை மணி கூட்டிய பிறகுதான் உச்சம் நண்பகலுக்கு வந்து உட்கார்ந்தது. திருநெல்வேலியின் மேடு அலிபாக்கைவிடக் கண்ணுக்குத் தெரியப் பெரிதாக இருக்கிறது! சில நாட்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் கோடு கீழே இறங்குகிறது.

எங்கள் துறை மேடமிடம் காட்டினேன். இரண்டு பிரியட் உட்கார்ந்து பார்த்தார்கள். பரிந்துரைக் கடிதம் தானே எழுதித் தருவதாகச் சொன்னார்கள். "நானும் கற்றுக்கொள்கிறேன், சனிக்கிழமை சேர்ந்து செய்யலாம்" என்றார்கள். கிருஷ்ணாபுரத்துக்கு மெயில் அனுப்பும் முன் ஒரு சந்தேகம். அமைதியான நாட்களையும் புயல் நாட்களையும் எப்படிப் பிரிப்பது?


ஆய்வக_ஆசிரியர்
அக்டோபர் 19, இரவு 10.40

நேர வித்தியாசத்தைத் தானாகவே கண்டுபிடித்தீர்களே, அது நல்ல அறிகுறி. ஒவ்வொரு மாதத்துக்கும் சர்வதேச அமைதி நாட்கள், கலக்க நாட்கள் என்று பட்டியல் வெளியிடுகிறார்கள், காந்தக் கலக்கத்தின் குறியீட்டை வைத்துக் கணக்கிட்டது. கியோட்டோ தளத்திலேயே கிடைக்கும். முதலில் அமைதி நாட்களை மட்டும் எடுத்து, மணிக்கு மணி சராசரி போடுங்கள். எதிர்த்திசை அதிலும் தெரிந்தால் மெயிலில் அந்தப் படத்தைத்தான் முதலில் வையுங்கள்.

உங்கள் மேடத்துக்கும் ஒரு செய்தி. அறிவியல் கழகங்களின் கோடை நல்கை கல்லூரி ஆசிரியர்களுக்கும் உண்டு. அவரும் விண்ணப்பிக்கலாம். ஓர் ஆசிரியர் ஒரு கோடை போய்வந்தால் அந்தத் துறைக்கு அடுத்து வரும் மாணவர்கள் எல்லாருக்கும் அது கிடைக்கும்.


மதுரை_பேராசிரியர்
அக்டோபர் 20, காலை 7.30

பரிந்துரைக் கடிதம் பற்றி மேடத்திடம் இதைச் சொல். "நல்ல மாணவி, ஒழுக்கமானவள்" என்று எழுதினால் பயனில்லை. நீ தரவை இறக்கியது, நேர வித்தியாசத்தைப் பிடித்தது, அமைதி நாட்களைப் பற்றிக் கேட்டது, இதை நடந்தது நடந்தபடி எழுதச் சொல். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அந்த வரிகளைத்தான் தேடுவார்கள்.

கொடைக்கானல் சூரியப் படங்களும் நூறாண்டுக்கு மேல் சேர்ந்து இணையத்தில் இருக்கின்றன. கிருஷ்ணாபுரம் இந்தக் கோடை கைகூடாவிட்டால், அதிலும் நீங்கள் இருவரும் வேலை தொடங்கலாம். சூரியக் கரும்புள்ளி அதிகமான ஆண்டுகளில் உன் மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்ற கேள்வி உனக்கே தோன்றும்.


கிண்டி_பொறியியல்
அக்டோபர் 20, மாலை 6.00

இன்ஸ்பயர் பற்றி ஒன்று விட்டுவிட்டேன். அந்த 20,000 தானாக வராது. கோடை வேலை முடிந்ததும் திட்ட அறிக்கையையும், வழிகாட்டி கையெழுத்திட்ட சான்றிதழையும் தளத்தில் ஏற்ற வேண்டும். அதற்கான படிவத்தை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் ஆய்வகத்தை விட்டுக் கிளம்புமுன் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் வாங்கிவிடுங்கள், தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஊருக்குத் திரும்பிய பிறகு முத்திரைக்காகத் தபாலில் அலைந்தவர்கள் நிறையப் பேர்.